கண் ஓடிய தூரம்

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துக்குள் நுழைகிறவர்கள் மலையைத் தாங்கி நிற்கும் கண்ணனைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் அந்தப் பசுவிடம் போய் நின்றுவிடுவேன். ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு அவனைச் சட்டை செய்யவில்லை. தலையைத் தாழ்த்திக் கன்றை நக்கிக் கொடுக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பி அந்த வாஞ்சையைப் பாறையில் நிறுத்தியிருக்கிறார்.

இப்படிக் கண் தானாக ஓடி ஒருவர்மேல் நிற்பதற்குத் தமிழில் ஒரு சொல் இருந்தது: கண்ணோட்டம்.

இன்றைக்கு அது வேறு வேலை பார்க்கிறது. பொருளாதாரக் கண்ணோட்டம், வரலாற்றுக் கண்ணோட்டம் என்று எழுதுகிறோம். ஆனால் திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே கண்ணோட்டம்தான். அங்கே அதற்குப் பொருள் இரக்கம். அது இல்லாதவருக்குக் கண்ணே இல்லை என்று 577-ஆம் குறளில் கடிந்துகொள்கிறார் வள்ளுவர்.

அந்த அதிகாரத்தை அவர் வைத்த இடம்தான் என்னை வியக்க வைக்கிறது. அருளுடைமையைத் துறவறவியலில், 25-ஆம் அதிகாரமாக வைத்தவர், கண்ணோட்டத்தைப் பொருட்பாலில் அரசியலுக்குள் கொண்டுவந்தார். முன்னால் வெருவந்த செய்யாமை, பின்னால் ஒற்றாடல். குடிகளை மிரட்டாதே என்பதற்கும் ஒற்றரை ஆளத் தெரிந்துகொள் என்பதற்கும் நடுவில் இரக்கம்! அதிகாரத்தில் இருப்பவனுக்கென்றே சொன்ன இரக்கம் அது. கடமை கெடாமல் அதைக் காட்டத் தெரிய வேண்டும் என்று 578-இல் ஒரு நிபந்தனையும் உண்டு.

உரை எழுதிய பரிமேலழகரைக் காஞ்சிபுரத்துக்காரர் என்பது மரபு. பழகியவரை நேரில் கண்டால் அவர் கேட்டதை மறுக்க மனம் வராமையே கண்ணோட்டம் என்ற கருத்தில் அவர் விளக்குகிறார். முகத்தைப் பார்த்துவிட்டால் 'இல்லை' என்று சொல்ல வாய் வராதல்லவா, அதுதான். பிற்காலத்தில் இதற்குத் தாட்சண்யம் என்றோம், முகதாட்சண்யம் என்றோம்.

வடமொழியிலிருந்து வந்த கருணையும் தயவும் எழுத்து வழக்கில் நிலைத்துவிட்டன. தூக்குத் தண்டனைக் கைதி குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது கருணை மனு. அரசியல் சாசனத்தின் 72-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பணியில் இறந்த அரசு ஊழியரின் வாரிசுக்குக் கிடைப்பது கருணை அடிப்படையில் வேலை. இவற்றில் கண்ணோட்டம் என்று எழுதினால் இன்று யாருக்கும் புரியாது. எனக்கு இது பெரிய இழப்பாகத்தான் படுகிறது. கருணையை முகம் பார்க்காமலே, கோப்பைப் பார்த்தே காட்டிவிடலாம். கண்ணோட்டத்துக்கு எதிரே ஒரு முகம் வேண்டும்.

ஆனால் பேச்சு வழக்கு அந்தக் கண்ணை விடவில்லை. கொடுமைக்காரரைத் தயவு தாட்சண்யம் 'பார்க்காதவர்' என்கிறோம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு வருகிறவர்களைக் கவனியுங்கள். காகிதத்தில் 'கருணை கூர்ந்து' என்றுதான் இருக்கும். அதை நீட்டும்போது வாயில் வருவது, "கொஞ்சம் பாத்து செய்யுங்கய்யா."

கோவளம் கரையில் கூறு கட்டி வைத்திருக்கும் மீன்கார அம்மாவிடமும் அதே கெஞ்சல்தான்: "பாத்துப் போடுக்கா." அவர் கேட்டவரை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு கூடைக்குள் கைவிட்டு, கூறின்மேல் இன்னும் இரண்டு மீனை எடுத்துப் போடுவார்.