தேடியதேட்டம்

திருப்பூரில் எனக்கு ஒரு வக்கீல் நண்பர் உண்டு. கதைக்கு ஏதாவது அகப்படாதா என்ற நப்பாசையில் அவர் வீட்டு மாடி அறையில் போய் உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். கட்சிக்காரர்களின் பெயரையோ ஊரையோ எழுதுவதில்லை என்ற என் சத்தியத்தை நம்பி, அவரும் என்னை விரட்டாமல் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் நான் போனபோது, மேஜைமேல் செய்தித்தாளை விரித்து நகைகளைப் பரப்பியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிறிய தராசு, உரைகல், புட்டியில் அமிலம். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு நகையாக எடுத்து உரைத்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து, நிகர எடையைச் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். எதிரே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், தன் நகைகளை யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்து நாலு வருஷத் தாம்பத்தியம் முறிந்து விவாகரத்து வழக்கு நடக்கிறது என்று நண்பர் காதோடு சொன்னார்.

எல்லாம் எழுதி முடிந்ததும் அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, இருக்கறதை எடை போட்டுட்டீங்க. இல்லாததை யாருங்க எடை போடறது? என்ற அட்டிகையை வித்துத்தானுங்க மொத ஓவர்லாக் மிஷின் வாங்கினோம். அது இந்தக் கணக்குல எங்கீங்க வருது?"

மதிப்பீட்டாளர் அமிலப் புட்டியை மூடினார். நண்பர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அன்று ரயில் ஏறினேன். பிறகு பல நாள் பழைய சட்டப் புத்தகங்களோடு மல்லாட வேண்டியதாயிற்று.

திருப்பூர்ப் பனியனுக்கு வயது நூறுக்குச் சற்று முன்பின். 1925-ஐ ஒட்டி முதல் கம்பெனி தோன்றியதாகச் சொல்வார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குச் சரக்குப் போகத் தொடங்கியபின் ஊர் வீங்கியது. காடு விற்று வந்தவர்களும், கூலிக்குத் தைத்தவர்களும் முதலாளிகள் ஆனார்கள். இந்த வளர்ச்சியை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004-இல் வெளிவந்த தம் நூலுக்குச் சகோதரர்களின் மூலதனம் என்று பொருள்படும் பெயர் வைத்தார். தலைப்பு பொருத்தமானதுதான். 'எங்கள் உழைப்பால் வந்தோம்' என்று இந்த ஊர் முதலாளிகள் பெருமையாகச் சொல்லும்போது அந்த 'எங்கள்' பெரும்பாலும் ஆண்களே. ஆனால் வீட்டு முன்கட்டில் இரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தவர்களின் வீட்டில் பிசிறு வெட்டியது யார்? டஜன் கணக்கில் எண்ணி மடித்து மூட்டை கட்டியது யார்? இரவு ஷிப்டுக்கு நின்ற ஆட்களுக்குச் சோறாக்கியது யார்? சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் போதாதபோது வளையலைக் கழற்றிக் கொடுத்தது யார்?

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது 1949-இல். தேசம் முழுமைக்குமான இந்து விவாகச் சட்டம் 1955-இல். அதற்கு முன் நம்மவர் பிரிந்ததே இல்லை என்று எண்ண வேண்டாம். பல சாதிகளில் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1955-ஆம் வருஷத்துச் சட்டமும் அந்த வழக்கத்தை 29-ஆம் பிரிவில் விட்டுவைத்தது. பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் பேச்சு பரிசத்தைப் பற்றியும், போட்ட நகையைப் பற்றியும்தான். நடுவில் சேர்ந்தது அங்கே பேச்சில் வராது.

புதுச் சட்டமும் ஏறக்குறைய அந்த வழியிலேயே நடந்தது. விவாகத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த சீர்வரிசையைப் பற்றி உத்தரவிட 27-ஆம் பிரிவு. ஜீவனாம்சத்துக்கு 25-ஆம் பிரிவு. மொத்தத் தொகையாகவும் வாங்கலாம். ஸ்திரீதனம் மனைவியின் முழு உடைமை. கணவனிடம் இருந்தாலும் அது ஒப்படைத்து வைத்த பொருள்தான், திருப்பித் தர மறுத்தால் குற்றம் என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட் திட்டமாகச் சொல்லிவிட்டது. ஆக, அவள் கொண்டுவந்தது அவளுக்கு. அவள் பிழைப்புக்குக் கொஞ்சம். இடையில் இருவருமாகச் சேர்த்த கம்பெனி? அது யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. பாங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட மட்டும் மனைவியைத் தேடி வருவார்கள். கடனில் அவள் பெயர் நிச்சயம் இருக்கும்.

இதே தமிழில், கடலுக்கு அப்பால், அந்த அம்மாளின் கேள்விக்கு ஒரு சொல்லே விடையாக இருக்கிறது. டச்சுக் கவர்னர் சைமன்ஸின் உத்தரவின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து, 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். தேசவழமை என்ற பெயரில் 1806-இல் ஆங்கிலேயரும் அதையே ஏற்றனர். அதில் பரம்பரையாக வந்தது முதுசம். பெண் கொண்டுவந்தது சீதனம். விவாகத்துக்குப் பின் இருவருமாகச் சேர்த்தது தேடியதேட்டம். இந்தத் தேட்டம் கணவன் மனைவி இருவருக்கும் சரிபாதி. 1911-லும் 1947-லும் சட்டத்தைத் திருத்தியபோதும் அந்தச் சொல் அழியவில்லை. தேசவழமை பெண்களின் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கணவன் சம்மதமில்லாமல் மனைவி தன் நிலத்தைக்கூட விற்க முடியாது என்பதும் அதே சட்டம்தான். ஆயினும் ஒன்றுக்குப் பெயர் இருந்தால்தானே அதை எடை போடலாம்! நம் பக்கம் அந்தப் பொருள் இருந்தது, பெயர்தான் இல்லை. இந்தியாவுக்குள்ளேயே கோவாவில், 1867-ஆம் வருஷத்துப் போர்த்துகீசியச் சட்டத்தின் தயவால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தம்பதிகளின் சொத்து பொது.

பெயர் இருந்தாலும் எடை போடுவது சுலபமா என்று நண்பரைக் கேட்டேன். அவர் சிரித்தார். கம்பெனிச் சட்டப்படிப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் 2017 முதல் இருக்கிறார்கள். நிலம் கட்டடத்துக்கு ஒருவர், இயந்திரத்துக்கு ஒருவர், பங்கு பத்திரங்களுக்கு ஒருவர். கணக்குப் புத்தகத்தில் நிலம் வாங்கிய விலையிலேயே தூங்கும். மிஷின் தேய்மானம் போய்ப் பழைய இரும்பு விலையில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தேதிக்கு மதிப்பிடுவது? பிரிந்த அன்றா, வழக்குப் போட்ட அன்றா, தீர்ப்பன்றா? மற்ற ஊர்களில் இது வக்கீல்களின் வாதமாக இருக்கலாம். திருப்பூரில் உயிர் போகிற விஷயம். மேல்நாடுகள் இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று அளவு வைத்திருந்த காலத்தில், ஏற்றுமதிக் கோட்டா கையில் இருப்பதே ஒரு சொத்து. அதை விலைக்குக் கைமாற்றினார்கள். 2004 டிசம்பர் 31 இரவோடு அந்த ஏற்பாடு முடிந்தது. மறுநாள் காலை அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை. 2011 ஜனவரியில் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. முதல் வாரம் மதிப்பிட்டிருந்தால் பெரிய சொத்து. கடைசி வாரம் மதிப்பிட்டிருந்தால் பூட்டிய ஷெட்.

சமீப காலத்தில் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் படிவமே வகுத்துக் கொடுத்தது. 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். அது விவாகரத்து வழக்கு அன்று. சவூதி அரேபியாவில் வேலை பார்த்தவரின் குடும்பத்துச் சொத்துத் தகராறு. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியும் அந்தச் சம்பாத்தியத்தில் பங்காளிதான், பாதி அவளுடையது என்றார் நீதிபதி. இதை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லைதான், ஆனால் அங்கீகரிக்கக் கூடாதென்று தடுக்கிற சட்டமும் இல்லையே என்பது அவர் கண்ட வழி. வளைகுடாவில் கணவன் இருக்க, ஊரில் வீட்டைக் காத்தவளுக்கே பாதி என்றால், ஒரே கூரையின் கீழ் பிசிறு வெட்டியவளுக்கு என்ன என்று என் நண்பர் அடுத்த வாய்தாவில் கேட்கப் போகிறார். எதிர்த் தரப்பு வக்கீலும் கெட்டிக்காரர். ஒரு ஜட்ஜின் தீர்ப்பை எல்லோர் தலையிலும் கட்ட முடியாது என்பார்.

போன மாதம் மறுபடி அந்த மாடிக்குப் போனேன். ஓர் உறைக்குள் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அந்த அம்மாள் வீட்டுப் பரணிலிருந்து தேடி எடுத்து வந்தாராம். எத்தனை டஜன் போயிற்று, யாருக்கு எவ்வளவு சனிக்கிழமைக் கூலி, யாருக்கு முன்பணம் என்று பக்கம் பக்கமாக அவர் கையெழுத்து. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே, 'அட்டிகை 5 பவுன் – மிஷினுக்கு' என்று இருந்தது. தேதி போட மறந்திருக்கிறார். அதைத்தான் எதிர்த் தரப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. மை எவ்வளவு பழையது என்று பார்க்க ஒரு நிபுணரிடம் அனுப்ப மனுப் போட்டிருக்கிறார்கள். விசாரணை பொங்கலுக்குப் பிறகு.