மறுவாழ்வு யாருடைய கதை? ‘யுகசந்தி’யும் ‘எங் கதெ’யும் முன்வைத்து

துயரம் நிறைந்த கடந்த காலத்தைத் தாண்டி மீண்டும் காதலிக்கத் துணியும் பெண் தமிழ்ப் புனைகதைக்குப் புதியவள் அல்லள். இந்து விதவைகள் மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ (1903) இளம் கைம்பெண் ஒருத்தி தன் வாழ்வைத் தானே சொல்வதாக அமைந்து, மறுமணத்தில் முடிகிறது. இத்தகைய கதைகளைப் படிக்கும்போது, ஊரும் உறவும் அவளை ஏற்றுக்கொண்டனவா என்றே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: அவள் சோற்றுக்கு வழி என்ன? அவள் கதையைச் சொல்பவர் யார்? கடலூர், நெய்வேலி, விருத்தாசலம் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட இரு படைப்புகள் இக்கேள்விகளுக்கு நேரடியாக விடை தருகின்றன.

கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் 1960களின் தொடக்கத்தில் எழுதிய சிறுகதை ‘யுகசந்தி’. அதன் நாயகி கீதா இளவயதில் கணவனை இழந்தவள், நெய்வேலியில் ஆசிரியை. உடன் பணிபுரிபவரை மணக்கும் முடிவைக் கடிதம் மூலம் கடலூரில் உள்ள வீட்டுக்குத் தெரிவிக்கிறாள். தகப்பன் குமுறுகிறார். தானும் இளமையிலேயே கைம்மை அடைந்த கௌரிப் பாட்டி, பேத்தியின் பக்கம் நிற்கிறாள். இங்கே நெய்வேலி வெறும் பின்னணி அன்று. 1956இல் உருவான பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி எழுந்த புதிய நகரியம் அது. பல ஊர்க்காரர்கள் வேலையை முன்னிட்டு வந்து சேர்ந்த இடம். அங்கே ஒரு பெண்ணுக்குத் தந்தையின் பெயரைவிடத் தன் பணியே முதல் அடையாளம். கடலூர் வீட்டுக் கூடத்தில் கீதாவால் எடுக்க முடியாத முடிவை, நெய்வேலியில் வாங்கும் சம்பளம் எடுக்க வைக்கிறது. பாட்டியின் பரிவு அந்த முடிவுக்குத் துணை. அதன் வேர் அன்று.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வருகிறது இமையத்தின் ‘எங் கதெ’ (2015). விருத்தாசலம் பகுதியையே தம் புனைவுலகமாக்கிக்கொண்டவர் இமையம். இக்குறுநாவலின் கமலாவும் கணவனை இழந்தவள். இரு பெண் குழந்தைகளின் தாய். அரசுப் பள்ளி அலுவலக ஊழியர். அவளுக்கும் சம்பளம் உண்டு. ஆனால் கடிதம் எழுதும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. முழுக் கதையையும் சொல்பவன், அவள்மீது பித்தான, வேலையற்ற விநாயகம். வட்டார வழக்கில் இடைவிடாது பொங்கும் அவனுடைய புலம்பலே நாவல். அவள் தன் மேலதிகாரியுடன் பழகுகிறாள் என்பதை அறிந்ததும் காதல் கொலைவெறியாகிறது. இறுதியில் அவன் அதைக் கைவிடுகிறான்.

கமலாவின் வாயை அடைத்துவிட்ட ஆண்மையப் படைப்பு இது என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. முத்துமீனாட்சிக்குக் கிடைத்த தன்மைக் கூற்று கமலாவுக்கு மறுக்கப்பட்டிருப்பது உண்மை. எனினும் விநாயகத்தின் குற்றச்சாட்டுகளைக் கூர்ந்து கேட்டால், அவை அவனுக்கு எதிரான சாட்சியமாகவே மாறுகின்றன. அவள் கட்டுப்படவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, தன் விருப்பப்படி நடந்தாள் என்று அவன் அடுக்கும் ஒவ்வொன்றும், இழப்புக்குப் பிறகும் தன்னை எவரிடமும் ஒப்படைக்காத ஒரு பெண்ணின் வாழ்வை நமக்குக் காட்டுகிறது. கைம்பெண்ணுக்கு வாழ்வு கொடுத்ததாக எண்ணும் ஆண், அந்த வாழ்வுக்கே உரிமையாளனாகிவிடும் நிலையை இமையம் அவன் குரலாலேயே அம்பலப்படுத்துகிறார். ஆகவே இந்நாவலில் புதிதாகத் தொடங்க வேண்டியவள் கமலா அல்லள். சம்பளம் கையில் வந்த நாளிலேயே அவள் தொடங்கிவிட்டாள். அவளை விட்டு விலகக் கற்றுக்கொள்ளும் விநாயகத்துக்குத்தான் அந்த முடிவு ஒரு தொடக்கம்.

சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) இதன் மறுபக்கம். காதல் மணம் புரிந்த ரேவதி தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கிறாள். பெற்றோரின் பணத்தால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. பணம் குடும்பத்தில் இருப்பதும் அவள் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்நாவல் கொடூரமாக உணர்த்துகிறது.

இதே வட்டாரத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பொம்மை வார்த்தும் வண்ணம் பூசியும் கூலி பெறும் பெண்கள் உள்ளனர். அவர்களில் ஒருத்தி தன் இரண்டாம் வாழ்வைத் தானே சொல்லும் நாவல் எழுதப்பட வேண்டும். கீதாவின் ஊதியமும் முத்துமீனாட்சியின் குரலும் ஒருத்தியிடமே சேரும் இடம் அதுதான். மறுவாழ்வுக் காதல்கதையை மதிப்பிடுவதற்கும் அதுவே அளவுகோல்: நல்ல ஆண் ஒருவன் வந்து சேர்ந்தானா என்பதல்ல, அவன் வராவிட்டாலும், வந்து போனாலும், அவள் வாழ்வு அவளுடையதாகவே இருக்கிறதா என்பதே.