அலாஸ்கா நெடுஞ்சாலையும் வீடான பேருந்துகளும்

பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நெடுந்தூரப் பேருந்து ஒன்றை விலைக்கு வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொண்டு, கோடை தொடங்கியதும் வடக்கு நோக்கிப் புறப்படும் வழக்கம் வட அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றியது. இப்பயணங்களின் முதன்மை வழி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள டாசன் கிரீக்கில் தொடங்கி, யூகான் பிரதேசத்தைக் கடந்து, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடியும் அலாஸ்கா நெடுஞ்சாலையாகும். இச்சாலை ராணுவத் தளவாடங்களைக் கொண்டுசெல்லப் போடப்பட்டது. அதில் ஓடிய வண்டிகளோ பயணச்சீட்டு வாங்கியவர்களை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கக் கட்டப்பட்டவை. முதல் வேலை முடிந்து கைமாறிய ஒரு சாலையும், அவ்வாறே கைமாறிய ஒரு வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போனதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவை அச்சாலை போடப்பட்ட விதத்திலும் அவ்வண்டி கட்டப்பட்ட விதத்திலும் அடங்கியுள்ளன.

போர் போட்ட வழி

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது, அலாஸ்காவை அமெரிக்காவின் பிற பகுதிகளோடு இணைக்கும் தரைவழி எதுவும் இருக்கவில்லை. ஆட்களும் பொருள்களும் கப்பலில்தான் சென்றாக வேண்டும். கடல்வழி அடைபட்டால் அலாஸ்கா தனித்துவிடும் என்ற அச்சத்தால், பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே இருந்த சாலைத் திட்டத்துக்கு 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானியர் அலாஸ்காவின் டச்சு ஹார்பரைக் குண்டுவீசித் தாக்கி, அட்டு, கிஸ்கா ஆகிய அலூஷியத் தீவுகளைக் கைப்பற்றியது அந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதைக் காட்டியது. மலைகளுக்குக் கிழக்கே கனடா முன்பே அமைத்திருந்த ஃபோர்ட் செயின்ட் ஜான், ஃபோர்ட் நெல்சன், வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் முதலிய விமானத் தளங்களைக் கோத்துச் செல்லும் வகையில் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஊர்களை இணைக்கும் நோக்கம் இல்லாமல் ஓடுதளங்களை இணைக்கவே போடப்பட்ட சாலை என்பதால், ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு மக்கள் குடியிருப்பே இல்லாதிருந்தது. பிற்காலப் பயணிகளின் தேவைகளைத் தீர்மானித்தது இந்த ஒரு செய்திதான்.

1942 மார்ச்சில் தொடங்கிய வேலை செப்டம்பர் 24 அன்று கான்டாக்ட் கிரீக்கில் தெற்குப் பகுதியையும், அக்டோபர் இறுதியில் பீவர் கிரீக் அருகே வடக்குப் பகுதியையும் இணைத்து முடிந்தது. நவம்பர் 20 அன்று குளுவானி ஏரிக்கு மேலுள்ள சோல்ஜர்ஸ் சம்மிட் என்னுமிடத்தில், கடுங்குளிரில், திறப்பு விழா நடந்தது. எட்டு மாதங்களில் ஏறத்தாழ 1,500 மைல் தூரத்துக்குப் பாதை வெட்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். படையில் நிறப்பிரிவினை நடைமுறையில் இருந்த அக்காலத்தில் 93, 95, 97, 388 ஆகிய எண்களைக் கொண்ட தனிப் படைப்பிரிவுகளில் அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர். சிகானி சீஃப் ஆற்றின் பனிநீரில் இடுப்பளவு இறங்கி, இரவில் வண்டிகளின் முகப்பு விளக்குகளை எரியவிட்டு, 95ஆம் படைப்பிரிவினர் 84 மணி நேரத்துக்குள் மரப்பாலம் ஒன்றைக் கட்டிமுடித்தது இன்றளவும் பேசப்படுகிறது. காட்டு வழிகளைக் காட்டிக்கொடுத்த பூர்வகுடி மக்களுக்கோ இச்சாலை கேட்டையும் கொண்டுவந்தது. டெஸ்லின் போன்ற குடியிருப்புகளில் வெளியாட்களோடு வந்த தட்டம்மையும் பிற தொற்றுநோய்களும் அடுத்தடுத்துப் பரவின.

மண்ணுக்கடியில் உறைபனி

இவ்வழியில் பொறியாளர்களை மிகவும் வருத்தியது மலையோ ஆறோ அன்று, மண்ணே. வட பகுதிகளில் மேல்மண்ணுக்குக் கீழே கோடையிலும் உருகாமல் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலத்துக்குப் பெர்மாஃப்ராஸ்ட் என்று பெயர். அதன் மேல் படர்ந்திருக்கும் பாசியும் மக்கிய தாவரப் படிவும் கம்பளிபோல் வெயிலைத் தடுத்து, கீழே உள்ள பனியைக் காக்கின்றன. தெற்கே பழகிய முறைப்படி புல்டோசரால் மேல்மண்ணை வழித்துத் தள்ளியபோது, வெயில் பட்ட பனி உருகி, நிலம் குழைந்து, லாரிகள் அச்சளவு புதைந்தன. அதன்பின் மரங்களைக் கையால் வெட்டி, பாசிப்படிவைக் கலைக்காமல் அதன்மேலேயே உருட்டுக்கட்டைகளைக் குறுக்காக நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் சரளை கொட்டும் முறை கையாளப்பட்டது. வரிவரியாகத் தெரியும் கார்டுராய் துணியை ஒத்த தோற்றத்தால் இதற்குக் கார்டுராய் சாலை என்ற பெயர் உண்டு. இச்சிக்கல் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. குளுவானி ஏரிக்கும் அலாஸ்கா எல்லைக்கும் இடைப்பட்ட பகுதியில், அடிநிலம் உறைவதும் உருகுவதுமாக இருப்பதால் தார்ப்பரப்பு இன்றும் அலையலையாக எழும்பியும் அமிழ்ந்தும் காணப்படுகிறது.

1946 ஏப்ரல் 1 அன்று கனடாவிலுள்ள பகுதி அந்நாட்டு ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1948இல் பொதுமக்கள் தடையின்றிச் செல்லும் நிலை வந்தது. சாலை அப்போது முழுவதும் சரளையாகவே இருந்தது. எதிரே வரும் லாரி தெறிக்கவிடும் கல்லால் முன்கண்ணாடி உடைவதும், கூர்ங்கற்களால் டயர் கிழிவதும், வண்டிக்குள் புழுதி படிவதும் அன்றாட நிகழ்வுகளாயின. பெட்ரோல், உணவு, பழுதுபார்ப்பு, படுக்கை ஆகியவை எந்த மைலில் கிடைக்கும் என்று மைல்வாரியாகத் தெரிவிக்கும் ‘தி மைல்போஸ்ட்’ என்ற வழிகாட்டி நூல் 1949இல் வெளிவந்ததே, அவை எளிதில் கிடைக்கவில்லை என்பதற்குச் சான்று. பாலங்களையும் முழுதாக நம்ப முடியவில்லை. போர்க்காலத்தில் எழுப்பப்பட்ட பீஸ் ஆற்றுத் தொங்குபாலம் 1957 அக்டோபரில், அதன் வடங்களைப் பிடித்துநின்ற கரைத்தளம் நழுவியதால் இடிந்து விழுந்தது.

சாலைக்கேற்ற வண்டி

உணவையும் படுக்கையையும் நீரையும் எரிபொருளையும் தானே சுமந்து செல்லக்கூடிய, கரடுமுரடான தரையைப் பல்லாயிரம் மைல் தாங்கக்கூடிய வண்டியையே இத்தகைய சாலை வேண்டிநின்றது. ஆலையில் கட்டிய வீட்டுவண்டிகள் அமெரிக்கச் சந்தையில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 1960களில்தான். வின்னபேகோ நிறுவனம் தன் முதல் மோட்டார் வீட்டை 1966இல் வெளியிட்டது. அதற்கு முன் அப்படியொரு வீடு வேண்டியவர்கள் தாமே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த சிறந்த மூலப்பொருள், பேருந்து நிறுவனங்கள் கண்டம் செய்து கழித்த வண்டிகளே.

அவ்வாறு நாடப்பட்டவற்றுள் இரண்டு வகைகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, ஒஹாயோ மாநிலத்தின் லவுடன்வில்லில் ஃப்ளெக்சிபிள் நிறுவனம் கட்டிய கிளிப்பர். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்து வந்த இந்நிறுவனம் பின்னர் பேருந்துக்கு மாறியது. வளைந்த முதுகும், பின்புறத்திலுள்ள பியூக் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் கூரைத் திறப்பும் கிளிப்பரின் அடையாளங்கள். மற்றொன்று, ஜெனரல் மோட்டார்ஸ் 1953 முதல் 1960 வரை கட்டிய பி.டி. 4104. இப்பெயரில் ‘பி’ நெடுந்தூரச் சொகுசுப் பேருந்தைக் குறிக்கும் பார்லர் என்ற சொல்லின் முதலெழுத்து, ‘டி’ டீசல், 41 இருக்கைகளின் எண்ணிக்கை, 04 வரிசை எண்.

35 அடி நீளமுள்ள 4104ஐ வடதிசைப் பயணத்துக்கு ஏற்றதாக்கிய கூறுகள் நான்கு. முதலாவது உடற்கூறு. அடிச்சட்டம் ஒன்றின்மேல் தனியாகக் கூண்டு கட்டும் பழைய முறைக்கு மாறாக, அலுமினியக் கூண்டே பாரத்தைத் தாங்குமாறு இது அமைக்கப்பட்டது. ஆகவே எடை குறைவு, துருப்பிடிக்கும் பரப்பும் குறைவு. இரண்டாவது தாங்கமைப்பு. எஃகுப் பட்டை வில்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் சக்கர அச்சுக்கும் உடலுக்கும் இடையே நின்று, குலுக்கலை உள்வாங்கின. மூன்றாவது, இருக்கைத் தளத்துக்கு அடியில் வண்டியின் அகலம் முழுவதும் ஊடுருவிய சுமைப்பெட்டிகள். பயணிகளின் பெட்டிகளுக்காக அமைந்த அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, பேட்டரிகள், ஜெனரேட்டர், உபரி டயர் எல்லாம் அடங்கின.

நான்காவது கூறு எஞ்சின். டெட்ராயிட் டீசலின் 6-71 என்ற இந்த எஞ்சினில் ஆறு உருளைகள் உண்டு. ஒவ்வொன்றின் கொள்ளளவும் 71 கன அங்குலம். வழக்கமான எஞ்சினில் ஓர் உருளைக்குள் எரிபொருள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். இரட்டை வீச்சு வகையான இதிலோ சுற்றுக்கு ஒருமுறை எரியும். அதனால் உண்மையில் ஓடும் வேகத்தைக் காட்டிலும் இருமடங்கு விரைவாக ஓடுவதுபோன்ற உச்சத்தொனி எழும். பழகிய ஓட்டுநர் அந்த ஒலியைக் கொண்டே கியர் மாற்றுவார். இவ்வெஞ்சின் இரண்டாம் உலகப்போரில் கரையிறங்கு படகுகளிலும், இரண்டிரண்டாகப் பூட்டப்பட்டு ஷெர்மன் பீரங்கி வண்டிகளின் ஒருவகையிலும் ஓடியது. அதே காலத்தில் படகு, டிராக்டர், ஜெனரேட்டர் எனப் பல வேலைகளுக்கும் பரவிவிட்டதால், சுரங்கமும் மரவெட்டும் நடக்கும் வட பகுதிகளில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் உதிரிபாகமும் கிடைப்பது அரிதாக இருக்கவில்லை.

கூடியவர்களும் குறியிட்டவர்களும்

இவ்வண்டிகளை வீடாக்குவது பெரும்பாலும் உரிமையாளரின் கைவேலையாகவே இருந்தது. இருக்கைகளையும் தலைக்கு மேலுள்ள சாமான் தட்டுகளையும் அகற்றி, சன்னல்களில் சிலவற்றைத் தகட்டால் அடைத்து, சுவருக்குள் வெப்பம் கடத்தாத பொருளைத் திணித்து, பலகை அறைந்து அறைகளைப் பிரிப்பார்கள். நிமிர்ந்து நிற்க உயரம் போதாதவர்கள் கூரையையே கிடைமட்டமாக அறுத்துத் தூக்கி, இடைவெளியில் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதும் உண்டு. தனித்தனியே வேலை செய்துவந்த இவர்களை ஒன்றுசேர்த்தது ஒரு சூரிய கிரகணம். 1963 ஜூலை 20 அன்று முழு கிரகணத்தைக் காண மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லியில் வண்டிகளோடு கூடிய 26 குடும்பங்கள் அங்கேயே ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கின.

இச்சாலையில் பயணித்தோர் தம் வருகையைப் பதிவுசெய்யும் வழக்கமும் சாலையைப் போலவே போரில் பிறந்ததுதான். 1942இல் வாட்சன் லேக்கில் வேலையிலிருந்த கார்ல் லிண்ட்லி என்ற சிப்பாய், ஊர் நினைவில், தன் சொந்த ஊரான இல்லினாய் மாநிலத்து டான்வில் எத்தனை மைலில் உள்ளது என்று எழுதிய பலகை ஒன்றை நட்டார். பின்வந்த பயணிகள் அவரவர் ஊர்ப்பலகையைச் சேர்த்துவர, அது பல்லாயிரம் பலகைகள் கொண்ட காடாக வளர்ந்து நிற்கிறது.

142ஆம் எண் பேருந்து

உல்லாசப் பயணிகள் மட்டுமன்றிச் சாலைத் தொழிலாளர்களும் வடக்கில் பேருந்தை வீடாக்கினார்கள் என்பதற்கு, உலகெங்கும் அறியப்பட்ட ஒரு வண்டியே சான்றாக உள்ளது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1946இல் கட்டிய அது, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரப் பேருந்தாக 142 என்ற எண்ணோடு ஓடியது. 1960-61இல் ஸ்டாம்பீட் தடத்தைச் சாலையாக மேம்படுத்தும் பணியை ஏற்ற யூட்டன் கட்டுமான நிறுவனம், கழிக்கப்பட்ட பேருந்துகளில் படுக்கைகளும் விறகடுப்பும் பொருத்தி, புல்டோசரால் இழுத்துச் சென்று தொழிலாளர் குடியிருப்பாகப் பயன்படுத்தியது. வேலை நின்றதும் பிற பேருந்துகள் இழுத்துவரப்பட, அச்சு முறிந்த 142 மட்டும் ஹீலி என்ற ஊருக்கு மேற்கே காட்டில் விடப்பட்டு, வேட்டைக்காரர்களின் ஒதுங்கிடமாயிற்று. 1992இல் கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற இளைஞர் அதில் தங்கி உயிர்நீத்ததும், அவரைப் பற்றி ஜான் கிராகவர் எழுதிய நூல் 1996இலும் அதன் திரைவடிவம் 2007இலும் வெளிவந்ததும் அதை ஒரு புனிதத்தலம்போல் ஆக்கின. தேடிச்சென்றவர்களில் இருவர் ஆற்றில் மூழ்கி இறந்தனர். பலர் மீட்கப்பட வேண்டியதாயிற்று. இறுதியில் 2020 ஜூன் 18 அன்று ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று அதைத் தூக்கிச் சென்றது. இப்போது அது ஃபேர்பேங்க்ஸிலுள்ள அலாஸ்கா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

எஞ்சிய எண்கள்

சரளைச் சாலை சிறிதுசிறிதாகத் தார்ச்சாலையாகி, வளைவுகள் நேராக்கப்பட்டு, விடுதிகளும் பெருகியபின், பழைய பேருந்தைக் கட்டாயமாக்கிய காரணங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கட்டாயம் மறைந்தாலும் வழக்கம் மறையவில்லை. அறுபது ஆண்டு கடந்த வண்டியில் வடக்கே செல்வது தேவை என்பதிலிருந்து விருப்பம் என்பதற்கு மாறியது. கனடா 1970களில் கிலோமீட்டருக்கு மாறியபோதும், சாலையோரக் கடைகளும் விடுதிகளும் பழைய மைல் எண்ணையே முகவரியாகப் பிடித்துக்கொண்டன: ஃபோர்ட் நெல்சன் 300, வைட்ஹார்ஸ் 918, டெல்டா ஜங்ஷன் 1,422. வளைவுகள் நேரானதால் சாலை சுருங்கி, இன்று ஒரு வண்டி டெல்டா ஜங்ஷனை அடையும்போது அதன் மீட்டரில் 1,400 மைல்கூடத் தேறுவதில்லை. ஆயினும் முகவரி 1,422 என்றே நிற்கிறது. அங்கு வந்துசேரும் 4104இன் பெயரிலுள்ள 41 இருக்கைகளும் அவ்வாறே எப்போதோ கழற்றப்பட்டவை.