நட்சத்திரம் முளைத்த கதை

கூகுளில் ஒரு சமையல் குறிப்பைத் தேடினால், முகவரிக்குக் கீழேயே நட்சத்திரங்கள், ‘45 நிமிடம்’, ஒரு குட்டிப் படம் எல்லாம் வந்து நிற்கும். பக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டு தேடுபொறியே போட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பக்கத்தை வெளியிட்டவர் உள்ளே எழுதிக்கொடுத்ததை அது எடுத்துப் போடுகிறது.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். எது தலைப்பு, எது பத்தி என்று சொல்லும். பக்கத்தில் ‘200’ என்று இருந்தால் அது விலையா, கலோரியா என்று சொல்லாது. இந்தக் குறையைத் தீர்க்க நெடுங்காலம் மெனக்கெட்டவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா போன ஆர்.வி.குஹா. தொண்ணூறுகளின் நடுவில் ஆப்பிளில், எது என்ன விவரம் என்று கணினிக்குச் சொல்லும் எம்.சி.எஃப். என்ற முறையை உருவாக்கினார். நெட்ஸ்கேப்புக்கு மாறியபோது டிம் பிரே என்பவருடன் சேர்ந்து அதை எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்துமுறைக்குக் கொண்டுவந்தார். விவரங்களைப் பொருளோடு எழுதும் ஆர்.டி.எஃப். என்ற முறை அதிலிருந்து கிளைத்ததுதான். ஒரு தளத்தின் புதுப் பதிவுகளை வாசகருக்குக் கொண்டுசேர்க்க 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் அவர் கை உண்டு.

இவற்றில் ஆர்.எஸ்.எஸ். ஊரெல்லாம் பரவியது. ஆர்.டி.எஃப். பெரும்பாலும் ஆய்வாளர்களோடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் காரணம் எளிது: ஆர்.எஸ்.எஸ். போட்டவருக்கு வாசகர்கள் வந்தார்கள், ஆர்.டி.எஃப். எழுதியவருக்குக் கைமேல் ஒன்றும் வரவில்லை. பலன் இல்லாத வேலையை எந்தத் தள உரிமையாளர் செய்வார்?

அந்தப் பலன் 2008-இல் யாஹூவின் சர்ச்மங்கி வழியாகவும், அடுத்த ஆண்டு மே மாதம் கூகுளின் ‘ரிச் ஸ்னிப்பெட்’ வழியாகவும் வந்தது. விவரத்தை முறையாக எழுதிக்கொடுத்தால், தேடல் முடிவில் உங்கள் வரி மற்றவர்களுடையதைவிட எடுப்பாகத் தெரியும். எடுப்பாகத் தெரிந்தால் கிளிக் வரும், கிளிக் வந்தால் விளம்பரக் காசு. ஆனால் யாருடைய சொற்பட்டியலை வைத்து எழுதுவது என்பதில் குழப்பம். ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள்.

2011 ஜூன் 2 அன்று கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்டின் பிங் மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுப் பட்டியலை அறிவித்தன. எதிரெதிரே கடை போட்டிருப்பவர்கள் ஒரே எடைக்கல்லுக்கு ஒப்புக்கொண்ட மாதிரி. கூகுள் பக்கம் முன்நின்றவர் அதே குஹா. ரஷ்யாவின் யாண்டெக்ஸும் அந்த ஆண்டே சேர்ந்துகொண்டது. தொடக்கத்தில் 297 வகைகள், 187 பண்புகள், அவ்வளவுதான். சில ஆண்டுகள் கழித்து 1000 கோடி பக்கங்களை எடுத்துப் பார்த்தபோது 31.3 சதவீதத்தில் இந்தக் குறிப்புகள் இருந்ததாகக் குஹாவும் சகாக்களும் எழுதினார்கள்.

எழுதும் விதம் முதலில் தொல்லையாக இருந்தது. பக்கத்தின் ஒவ்வொரு வரிக்குள்ளும் குறிப்பைச் செருக வேண்டும், வடிவமைப்பாளர் எதையாவது மாற்றினால் அது உடைந்துபோகும். 2014-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரமாக்கிய ஜேசன்-எல்டி வந்ததும் எல்லாவற்றையும் தனியாக ஒரே இடத்தில் எழுத முடிந்தது. பெயர், படம், மதிப்பீடு, சமைக்கும் நேரம். அந்த 45 நிமிடத்தை ‘பிடி45எம்’ என்றுதான் எழுத வேண்டும். வாசகர் கண்ணில் படவே படாத இந்த எழுத்துகளில்தான் வெளியீட்டாளரின் வரும்படி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

காசு புழங்கும் இடத்தில் கள்ளமும் வரும். தன் கடைக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டவர்கள் பெருகினார்கள். 2019-இல் கூகுள், ஒரு நிறுவனம் தன் தளத்தில் தன்னைப் பற்றியே போடும் மதிப்பீட்டைக் காட்டுவதை நிறுத்தியது. 2023 ஆகஸ்டில் தேடல் முடிவில் காட்டும் கேள்வி-பதில் பட்டைகளைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. செய்முறை விளக்கப் பட்டைகளை அடுத்த மாதமே முழுக்க எடுத்துவிட்டது.