செங்கல்பட்டு தந்த விடை

புதுமைப்பித்தன் 1948 ஜூன் மாதக் கடைசியில் காசநோயால் மறைந்தார். வயது நாற்பத்திரண்டு. அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் பிறந்தது. சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகமும் அதே ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. இம்மூன்றையும் ஒரே வரியில் கோத்துப் பார்ப்பது இலக்கியம் படித்தவனின் பழக்கதோஷம் என்று வரலாற்றுத்துறை நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். என்புருக்கி என்று நம் முன்னோர் பெயரிட்ட அந்நோய், ஆளை ஒரே நாளில் கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் உடலோடு குடியிருந்து உருக்கும் நோய். நாட்பட்ட நோய்களுக்காக நாடுகள் கூடிப் பேசுவது என்றால் இன்று நமக்கு 2003-இன் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும், 2011-இல் ஐ.நா. பொதுச்சபை நடத்திய உயர்மட்டக் கூட்டமும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு வெகு முன்பே இந்த ஒரு நோய்க்காக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் முக்கியமானவை சென்னையிலும் அதைச் சுற்றிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் நிறைவேறின. மீஞ்சூரும் பொன்னேரியும் திருவள்ளூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள்தாம்; திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் காசநோய் பெருகியபோது டென்மார்க், நார்வே, ஸ்வீடன் நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் யுனிசெஃப்புடன் சேர்ந்து ஒரு பன்னாட்டு பி.சி.ஜி. இயக்கத்தை நடத்தின. அவ்வியக்கம் ஐரோப்பாவைக் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. 1951-இல் இந்திய அரசு தடுப்பூசியை நாடு முழுவதற்குமான பெருந்திட்டமாக ஏற்றது. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர். 1950-இல் உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. புதிதாக விடுதலை பெற்ற நாடு ஒன்றின் அமைச்சர் உலக மேடையில் தலைமை தாங்கும்போது, அந்த மேடை பரிந்துரைக்கும் ஊசியைத் தன் நாட்டில் தயங்காமல் ஏற்பது இயல்பு. அதில் பெருமிதமும் இருந்தது, அவசரமும் இருந்தது.

எதிர்ப்பு சென்னையிலிருந்து வந்தது. எதிர்த்தவர் சாதாரண ஆள் அல்லர். முதலமைச்சர் பதவியிலிருந்து 1954-இல் விலகியிருந்த ராஜாஜி. பி.சி.ஜி.யைத் தாம் ஏன் எதிர்க்கிறோம் என்பதை விளக்கி 1955-இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை, அது வீரியம் குறைக்கப்பட்டதாகவே இருந்தாலும், நலமாயிருக்கும் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்துவதற்குப் போதிய சான்று எங்கே என்பது அவர் வாதத்தின் மையம். அமெரிக்கா தன் மக்களுக்கு இதைப் பரவலாகப் போடவில்லை என்பதையும் சுட்டினார். உணவும் வாழிடமும் சீரானால் நோய் குறையும் என்றார்.

ராஜாஜியைப் பிற்போக்காளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. அறிவியலுக்கு எதிரானவர் என்றே அன்று பலர் அவரைக் கருதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார். கேட்ட முறையில் அச்சத்தைத் தூண்டும் வழக்கறிஞர் தந்திரம் சற்று மிகுதி. சான்று கேட்பது வேறு, சான்று வரும்வரை ஊசியே கூடாது என்று ஊர் ஊராகச் சொல்வது வேறு. ஆயினும், இந்திய உடல்களில் இத்தடுப்பூசி எவ்வளவு காக்கும் என்பதற்கு 1955-இல் உறுதியான விடை யாரிடமும் இல்லை என்பது உண்மை.

இதற்கிடையே சிகிச்சைப் பக்கம் வேறொரு கேள்வி எழுந்தது. மருந்துகள் வந்துவிட்டன; ஆனால் நோயாளிகளுக்கு மருத்துவமனைப் படுக்கைகள் இல்லை. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் நிறுவிய சானடோரியம் போன்றவை நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் ஒப்பந்தம் செய்துகொண்டு சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் திறந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஆய்வை வழிநடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவர்கள் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் காற்றும் பெற்றவர்களுக்கு இணையாக, நெரிசலான குடிசையில் அரை வயிற்றுக்கு உண்டவர்களும் பெரும்பாலும் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த உறவினருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் இம்முடிவு வெளிவந்தபின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. அந்த மையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

தடுப்பூசிக் கேள்விக்கு விடை தேடத்தான் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தார்கள். இம்முறை ஒப்பந்தக்காரர்கள் மூவர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. ராஜாஜி எந்த நாட்டைச் சுட்டி வாதாடினாரோ அந்த நாடே சோதனைக்குத் துணைநின்றது; வரலாற்றின் இத்தகைய குறும்புகளைப் புனைகதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, சென்னைக்கு மேற்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 3,60,000. 1968 முதல் 1971 வரை, ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை ஊசி போட்டார்கள். டேனிஷ் வகை ஒன்று, பிரெஞ்சு வகை ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு அளவுகள். ஒரு பகுதியினருக்குத் தடுப்பு மருந்தே இல்லாத வெற்றூசி. எவர் கையில் எது ஏறியது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அதன்பின் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்று பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை ஊடுகதிர்ப் படம் எடுத்து, சந்தேகமுள்ளவர்களின் சளியைச் சோதித்தார்கள். பதினைந்து ஆண்டுகள்!

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் வெளியே என்னென்ன நடந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1971 டிசம்பரில் வங்காளதேசப் போரின்போது அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வங்காள விரிகுடாவை நோக்கி வந்தன; இரு நாட்டு உறவும் அடிமட்டத்துக்குப் போயிற்று. இதே மூன்று தரப்பும் கூட்டாக நடத்திய மற்றொரு முயற்சியான தில்லி கொசு ஆய்வுப் பிரிவு, உயிரியல் போருக்கான ஒத்திகையோ என்ற ஐயத்துக்கு உள்ளாகி, நாடாளுமன்றக் குழுவின் கண்டனத்துக்குப் பின் 1975-இல் மூடப்பட்டது. திருவள்ளூர்க் கிராமங்களிலோ சளிக்குப்பி சேகரிப்பவர்களின் வருகை நிற்கவில்லை. தூதரகங்கள் முகம் திருப்பிக்கொண்டிருந்த காலத்திலும் உழைப்பு தொடர்ந்ததைத்தான் இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி என்பேன்.

1979-இல் முதல் ஏழரை ஆண்டுகளின் முடிவு வெளியாயிற்று. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்கும் வெற்றூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வருவதில் வேறுபாடு இல்லை. பாதுகாப்பு, பூச்சியம். பிரிட்டனில் பள்ளி மாணவரிடையே நடந்த சோதனையில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு காத்த அதே தடுப்பூசி! பதினைந்து ஆண்டு முடிவு 1999-இல் அச்சேறியபோதும் பெரியவர்களைப் பொறுத்தவரை தீர்ப்பு மாறவில்லை. சிறுவரிடம் மட்டும் சிறிதளவு பயன் தென்பட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்கள் நம் உடலை முன்னரே பழக்கிவிடுவதால் ஊசியின் விளைவு மறைந்துவிடுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

கவனிக்கவேண்டியது, அம்முடிவை வெளியிட்டவர் யார் என்பது. முதல் அறிக்கை உலக சுகாதார நிறுவனத்தின் சொந்த இதழிலேயே வந்தது. அப்போது அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநர் ஹால்ஃப்டான் மாலர். 1950-களில் இந்தியாவில் காசநோய்ப் பணியில் இருந்த டேனிஷ் மருத்துவர். தாம் இளமையில் உழைத்த இயக்கத்தின் அடித்தளத்தையே அசைக்கும் முடிவு தம் நிறுவனத்தின் இதழில் வெளியாவதைக் கண்டவர் அவர். ராஜாஜி காணவில்லை; 1972 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். கண்டிருந்தாலும் முழு வெற்றி கொண்டாட முடியாது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் வகையையும் பி.சி.ஜி. தடுக்கிறது என்பது பிற ஆய்வுகளில் உறுதியானதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம். போடுவதே சரி.

அந்த மூன்றரை லட்சம் பேரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆய்வுக்கு உட்படுவோரிடம் இன்று கேட்கும் விரிவான ஒப்புதல் படிவம் அன்று இங்கே வழக்கில் இல்லை. மனிதரிடம் செய்யும் ஆய்வுக்கான அறநெறி அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டதே 1980-இல்தான். தடுப்பூசி பற்றிய உலக மருத்துவ நூல்களில் ‘செங்கல்பட்டு’ நிலையான சொல்லாகிவிட்டது. என் வகுப்பில் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. வயதைக் கணக்கிட்டால் அவர்களில் சிலருடைய பாட்டிமார் தோளில் அந்த ஊசித் தழும்பு இருக்கலாம்.

சேத்துப்பட்டு ஆய்வு ‘வீடு போதும்’ என்று சொன்னது, மருந்தைக் கண்காணித்துக் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இருந்த காலத்தில். மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒப்பந்த வேலைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஒரே அறையில் பலராகத் தங்கி, முறைமாற்றி உறங்கும் இளைஞனுக்கு எது வீடு? வேலை முடிந்தால் வேறு ஊர். அவனோடு மருந்துச்சீட்டும் போய்விடும். ராஜாஜி பேசிய உணவு வாதமும் திரும்பி வந்திருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப்பொருள் கொடுத்தால் அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. நோயாளியின் உணவுக்காக மத்திய அரசு தந்துவந்த மாதம் 500 ரூபாய் 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று. அதே 2024-இல் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு மீண்டும் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துக் கிராமங்களில் கேட்ட அதே கேள்விதான்.