வாகனச் சோதனையில் கைத்துப்பாக்கியை அறிவித்தல்

அனுமதிப்பத்திரத்துடன் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரைப் பொலிஸார் வீதியில் மறிக்கிறார்கள். ஆயுதம் தன்னிடம் இருப்பதை அவர் அப்போதே சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா, எப்படிச் சொல்ல வேண்டும் என்பவை இக்கட்டுரையின் பொருள். இந்தக் கேள்வி சட்டமாகவும் வழக்காகவும் விரிவாக வளர்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ இடுப்பில் பிஸ்டலுடன் மறிக்கப்படும் சாதாரண குடிமகன் இல்லை என்றே சொல்லலாம். ஆனால், வீதியில் மறிக்கப்படுபவர் தன்னால் ஆபத்தில்லை என்று எப்படித் தெரியப்படுத்துவது என்பதை இந்த ஊரைப்போல உயிர் கொடுத்துப் படித்த இடங்கள் குறைவு.

இலங்கைச் சட்டம்

இலங்கையில் துப்பாக்கி உரிமத்தின் அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. பயிர்ப் பாதுகாப்புக்கான சொட்கன் என்றால் மாவட்டச் செயலகத்துக்கு, பழைய பேச்சில் கச்சேரிக்கு, போக வேண்டும். பிஸ்டலும் ரிவோல்வரும் பாதுகாப்பு அமைச்சின் கையில். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தால் ஆயுள் சிறைவரை போகும்.

1916இல் யாழ்ப்பாண வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் மாட்டுவண்டிகள். மோட்டார் வாகனம் மறிக்கப்படும் கணத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அல்ல அது. பத்திரம் உண்டா, இல்லையா என்பதில்தான் அதன் எடை முழுவதும் இருக்கிறது. சாரதி எதை முதலில் சொல்ல வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்பவை அதன் கவலைக்கு வெளியே. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், சீருடையில் உள்ள பொலிஸ்காரர் மறித்தால் நிற்கவும் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டவும் சொல்கிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னும் தூரம் போகிறது. பிடியாணை இல்லாமல் ஆளையும் வாகனத்தையும் மறித்துச் சோதிக்கும் அதிகாரம் அதில் உண்டு. வடக்கில் ஒரு தலைமுறையே அனுபவித்த வீதிச் சோதனை அவசரகால விதிகளோடு சேர்ந்த இந்த மூன்றாவது சட்டத்தின் நிழலில் நடந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அல்ல.

திருநெல்வேலியும் வீதிச் சோதனையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியில், நல்லூருக்கும் கோண்டாவிலுக்கும் இடையே இருக்கிறது திருநெல்வேலி. ஊரார் வாயில் தின்னவேலி. சந்தை, பரமேஸ்வராச் சந்தி, 1974இல் வளாகமாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஒரு காலத்தில் இங்கே பொலிஸார் மறித்தால் காரணம் லைற் இல்லாத சைக்கிளாகவோ, 'டபிள்ஸ்', அதாவது இன்னொருவரை, ஏற்றிய சைக்கிளாகவோ இருக்கும். கொஞ்சம் கெஞ்சினால் காற்றைத் திறந்துவிட்டு அனுப்பிவிடுவதும் உண்டு.

1983 ஜூலை 23 இரவு பலாலி வீதியில் இராணுவ ரோந்து அணி ஒன்றின்மீது விடுதலைப் புலிகள் கண்ணிவெடியாலும் துப்பாக்கியாலும் தாக்கினார்கள். 13 படையினர் கொல்லப்பட்டனர். கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்மீது கறுப்பு ஜூலை வன்முறை மூண்டது அதையடுத்துத்தான். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப் படையின் ஓர் அணி பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கி ஏறக்குறைய முழுதாக அழிந்தது. அந்த ஆண்டுகளில் குடிமக்களின் உரிமத் துவக்குகளும் வீட்டில் நிலைக்கவில்லை. வீடு வீடாக வந்து கேட்ட ஆயுத இயக்கங்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்துவிட்டால் நாளை இராணுவத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது அடுத்த தலையிடி. கையில் பத்திரம் இருக்க, துவக்கு இல்லாத நிலை அது. அறிவிப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

1995 டிசம்பரில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் வசமான பிறகு சென்றிப் பொயின்றுகள் என்ற காவலரண்கள் அன்றாட வாழ்வாயின. எழுதாத விதிகள் பல அங்கே உருவாகின, அவற்றைப் பிள்ளைகள்கூட மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். சைக்கிளில் வந்தால் இறங்கி உருட்ட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். இரவில் காரில் வந்தால் முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட வேண்டும். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, முதலே கையில் எடுத்து வைத்திருப்பது நல்லது, சென்றிக்கு முன்னால் நின்றபின் பொக்கற்றுக்குள் கைவிடுவது நல்லதல்ல. காவலில் நிற்கும் சிப்பாயின் கண்ணுக்கு உங்கள் கை எப்போதும் தெரிய வேண்டும் என்ற ஒரே தேவையிலிருந்துதான் இவ்வளவும் பிறந்தன. அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர்கள் உரிமக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதுவேதான்: உள்விளக்கைப் போடு, இரு கையையும் ஸ்டியரிங்கில் வை, கேட்காமல் எதையும் எடுக்காதே. அங்கே உரிமம் உள்ளவனுக்கான பாடம் இங்கே நிராயுதபாணிக்கு வேண்டியிருந்தது.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8ஆம் வாசகம், அரசோடு நின்ற தமிழ்த் துணைப்படைகளின் ஆயுதங்களை 30 நாளுக்குள் களையும்படி அரசைக் கட்டியது. வடகிழக்கின் அரச பகுதிகளில் அரசியல் வேலைக்கு வரும் புலிகளும் ஆயுதமின்றியே வரலாம் என்றது அதே உடன்படிக்கை. யார் ஆயுதத்தோடு வீதியில் போகலாம் என்பதை எழுத்தில் வைத்த அருமையான சந்தர்ப்பம் அது, நெடுநாள் நிலைக்கவில்லை. போர் 2009 மேயில் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் விலகியது.

குளப்பிட்டி, நல்லூர்

போருக்குப் பின்னரும் இரண்டு நிகழ்வுகள் இந்தப் பொருளோடு நேராகச் சேர்கின்றன. 2016 ஒக்டோபர் 20 நள்ளிரவை ஒட்டி, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியடியில், காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தனர். முதலில் விபத்து என்றே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரியவந்தது. மறித்தபோது நிற்கவில்லை என்பது பொலிஸ் தரப்பின் விளக்கம். பொலிஸார் ஐவர் கைது செய்யப்பட்டனர், ஒக்டோபர் 25இல் வட மாகாணம் முழுவதும் ஹர்த்தாலில் மூடியது. மறிக்கும் பொலிஸாரின் சைகை இருட்டில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்ற கேள்வி, மறிக்கப்படுபவர் என்ன சொல்கிறார் என்ற கேள்விக்கு முந்தியது. நிற்காமல் போவது குற்றமாகலாம், அதற்குச் சட்டம் விதித்த தண்டனை மரணம் அல்ல.

மற்றது நல்லூரில், 2017 ஜூலை 22 அன்று. யாழ். மேல் நீதிமன்ற நீதிபதி மாணிக்கவாசகர் இளஞ்செழியனின் வாகனம் கோயிலடிச் சந்தியில் நெரிசலில் நிற்க, வழியைச் சரிசெய்ய இறங்கிய மெய்ப்பாதுகாவலரின் இடுப்பிலிருந்த பிஸ்டலை ஒருவர் பறித்துச் சுட்டார். பாதுகாவலர் மறுநாள் இறந்தார். வெளியே தெரியும்படி இருக்கும் கைத்துப்பாக்கி பறிபோகலாம், ஒளித்து வைத்தது சந்தேகத்தைக் கிளப்பலாம் என்று இந்தத் துறையில் ஓயாமல் நடக்கும் விவாதத்துக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்த கசப்பான சாட்சி இது.

அமெரிக்க மாநிலங்கள்

அமெரிக்காவில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகன், வட கரோலினா, அலாஸ்கா, நெப்ராஸ்கா போன்றவற்றில் பொலிஸ்காரர் அணுகியதும் ஆயுதம் இருப்பதைத் தானாகவே சொல்ல வேண்டும். ஒஹாயோவிலும் அப்படித்தான் இருந்தது. 2022 ஜூனிலிருந்து கேட்டால் சொன்னால் போதும். டெக்சஸில் அடையாள அட்டை கேட்கப்பட்டால் துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மின்னசோட்டாவில் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

நீதிமன்ற வழியில் முக்கியமானது 1977ஆம் ஆண்டின் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கு. காலாவதியான இலக்கத்தகட்டுக்காக மறிக்கப்பட்ட சாரதியைக் காரைவிட்டு இறங்கச் சொன்னபோது, மேற்சட்டைக்குள் புடைப்புத் தெரிந்தது, அது ரிவோல்வர். பொலிஸாரின் பாதுகாப்புக்காகச் சாரதியை இறங்கச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஆனால் இந்தப் பொருளைப் பேசும்போது எவரும் விட்டுவிட முடியாத பெயர் பிலாண்டோ காஸ்டில். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர், கையில் உரிமம் இருந்தது. 2016 ஜூலை 6இல் மின்னசோட்டாவின் பால்கன் ஹைட்ஸில், பிரேக் லைற் சரியில்லை என்று மறிக்கப்பட்டார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை, சட்டம் கேட்காதபோதும், மரியாதையாகச் சொன்னார். சொன்ன சில விநாடிகளில் பொலிஸ் அதிகாரி 7 தடவை சுட்டார். அதிகாரியை 2017 ஜூனில் ஜூரி விடுவித்தது. குடும்பத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் டொலர் இழப்பீடு கிடைத்தது. சொன்னால் பாதுகாப்பு என்ற பாடத்தை இந்த ஒரு நிகழ்வு கவிழ்த்துவிட்டது. சொல்பவரின் நிறத்தையும் சேர்த்தே கேட்பவர் கேட்கிறார்.

பயிற்சியாளர் பலர் அதன்பின் சொற்களின் வரிசையை வலியுறுத்துகிறார்கள். 'துப்பாக்கி' என்று தொடங்காமல், 'உரிமம் வைத்திருக்கிறேன், ஆயுதம் இன்ன இடத்தில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்' என்று சொல்ல வேண்டுமாம். யாழ்ப்பாணத்துக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மறிக்கும் பொலிஸ்காரருக்குத் தமிழ் அரைகுறையாக இருந்தால், முழு வாக்கியத்தில் அவருக்குப் பிடிபடுவது துவக்கு என்ற ஒரு சொல் மட்டுமே. தமிழ் 1987இலேயே அரச கரும மொழியாகிவிட்டது, இரவுக் காவல்வரை அது வந்து சேரவில்லை.

பிற நாடுகள்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, ஆயுதம் கொண்டுபோகும் எவரிடமும் பொலிஸ் அதிகாரி உரிமத்தைக் கேட்கலாம். காட்டாவிட்டால் ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். தமிழ்நாட்டில் தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். கனடாவில் கைத்துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லாமல், பாதுகாப்புப் பூட்டும் போட்டே காரில் கொண்டுபோகலாம். 2022 ஒக்டோபரிலிருந்து புதிதாக வாங்குவதும் விற்பதும் நிறுத்தப்பட்டுள்ளன. ரொறன்ரோவிலிருந்து மிச்சிகனுக்குக் காரில் போகும் நம்மவர், அமெரிக்க உறவினரின் காரில் ஏறுமுன் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவைப்பது நல்லது.

இன்றைய நிலை

2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காகக் கையளிக்கும்படி இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு உரிமக்காரர்களைக் கேட்டது. மீளாய்வின் பின் அவை திரும்பக் கொடுக்கப்படுமானால், அனுமதிப்பத்திரத்திலேயே மூன்று மொழியிலும் ஒரு நிபந்தனையை அச்சிட வேண்டும்: வீதியில் மறிக்கப்பட்டால் முதலில் இந்தப் பத்திரத்தைக் காட்டு, ஆயுதத்தைத் தொடாதே. மறிக்கும் பொலிஸாருக்கும் அதே வரியை, தமிழில் கேட்டால் விளங்கும்படி, பழக்க வேண்டும்.