விழிப்பின் பானம்: ஜென் மடங்களிலிருந்து செபராங் பிறை வரை

முன்னுரை

போதிதர்மர் தியானத்தில் அமர்ந்திருந்தபோது கண் அயர்ந்தாராம். தம்மீதே சினம் கொண்டு இமைகளை அறுத்து எறிந்தாராம். அவை விழுந்த மண்ணில் தேயிலைச் செடி முளைத்ததாம். காஞ்சிபுரத்து இளவரசரே அந்தப் போதிதர்மர் என்ற மரபும் கூடச் சேர்ந்துகொள்ள, ஜென் தியானமும் தேநீரும் ஒரு தமிழரின் வழியாக உலகுக்குக் கிடைத்தவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 2011-இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பிறகு போதிதர்மரின் பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு.

இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தியானத்தோடு தேநீரைச் சேர்த்தது ஒரு மகானின் அற்புதம் அல்ல. மடத்தில் கூடி வாழ்ந்த துறவிகளின் அன்றாட நியமமே என்பது இதன் முடிபு. தமிழருக்கு இந்த வரலாற்றில் உறுதியான இடம் உண்டு. ஆனால் அந்த இடத்தை இமைக்கதையில் தேடுவதைவிடக் கடல்வழியிலும் தர்காக்களிலும் தோட்டங்களிலும் தேடுவதே பொருந்தும். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடக்கில் உள்ள தாசேக் கெலுகோர் வட்டாரம் அதைக் காண நல்ல களம்.

கதையும் காலமும்

போதிதர்மர் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பு 547-இல் யாங் சுவான்ஸி எழுதிய லுவோயாங் நகர மடாலயங்கள் பற்றிய நூலில் உள்ளது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த தான்லின், அவரைத் தென்னிந்தியர் என்றும் ஒரு பேரரசரின் மூன்றாம் மகன் என்றும் எழுதினார். 645-இல் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கிறது. அவர் நாட்டைக் காஞ்சியோடு இணைத்துக் காணும் விளக்கத்துக்கு அடிப்படை, 1004-இல் சோங் பேரரசுக் காலத்தில் தொகுக்கப்பட்ட குருபரம்பரை நூல்.

ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்த மூன்று குறிப்புகளிலும் தேயிலை இல்லை. இமைக்கதையை ஐரோப்பியர் அறியச் செய்தவர் எங்கெல்பெர்ட் கேம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1690 முதல் 1692 வரை நாகசாகியில் தங்கியிருந்த அவர், ஜப்பானில் கேட்ட கதையைத் தம் 1712-ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்தார். அப்போது போதிதர்மர் வாழ்ந்த காலம் முடிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தேநீரோ அவருக்கு மிக முந்தியது. பொ.ஆ.மு. 141-இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில் தேயிலையின் எச்சமே கிடைத்திருக்கிறது.

அதனால் கதை பயனற்றதாகிவிடாது. தூக்கத்தை வெல்லும் போராட்டத்தில் தேநீர் துணை நின்றதைத் துறவிகள் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் அது பழக்கம் நிலைத்தபின் எழுந்த கதை. பழக்கத்தைத் தோற்றுவித்தது அல்ல.

நண்பகலுக்குப் பின் உணவில்லை

தோற்றுவாய் பௌத்த விநய விதியில் இருக்கிறது. துறவி நண்பகலுக்குப் பின் திட உணவு கொள்ளக் கூடாது; வடித்த பானங்களுக்கு விலக்கு உண்டு. பகலில் ஒரு வேளை உண்டு, இரவு நெடுநேரம் அசையாமல் அமர்பவருக்குப் பசியும் தூக்கமும் சேர்ந்தே வரும். விதியை மீறாமல் இரண்டையும் தணிக்கும் பொருள் ஒன்று தேவைப்பட்டது.

எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபெங் யான் என்ற அதிகாரி இதற்கு நேரான சான்று தருகிறார். கையுவான் ஆட்சிக்காலத்தில் (713–741) தைஷான் பகுதியிலுள்ள லிங்யான் மடாலயத்தில் ஓர் ஆசான் சான் தியானத்தைப் பெருமளவில் பயிற்றுவித்தார். சீனத்தில் சான் என வழங்கியதே ஜப்பானில் ஜென் ஆயிற்று. அங்கே மாணவர்கள் உறங்கக் கூடாது, இரவில் உண்ணவும் கூடாது. தேநீர் மட்டும் குடிக்கலாம். ஆளுக்கு ஆள் தேயிலையை மடியில் கட்டிக்கொண்டு போன இடமெல்லாம் காய்ச்சிக் குடித்தார்கள். பார்த்தவர்கள் பின்பற்ற, பழக்கம் ஊர்களில் பரவியது. நகரங்களில் கடைகள் முளைத்தன. துறவியும் இல்லறத்தாரும் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள் என்கிறார் ஃபெங் யான்.

இக்குறிப்பு மடத்தையும் தேநீர்க் கடையையும் ஒரே வரலாற்றில் வைக்கிறது. தியான மண்டபத்தின் தேவையிலிருந்து தெருக்கடை வளர்ந்ததாக அக்காலத்தவர் ஒருவரே கருதினார் என்பது நம் ஆய்வுக்கு முக்கியம். இதே எட்டாம் நூற்றாண்டில் தேயிலை பற்றிய முதல் தனிநூலை எழுதிய லூ யூ, பௌத்த மடத்தில் வளர்ந்தவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அடுத்த நூற்றாண்டின் ஆசான் சாவோசோ (778–897), புதிதாக வந்தவருக்கும் முன்பே வந்தவருக்கும், ஏன் இருவருக்கும் ஒரே பதில் என்று கேட்டவருக்கும் தேநீர் அருந்தச் சொல்லியே விடையளித்தாராம். அதற்குள் தேநீர் போதனையின் மொழியாகவே ஆகிவிட்டது.

1103-இல் சாங்லு சோங்ஸே தொகுத்த சான் மடாலய ஒழுங்கு நூல் இந்தப் பழக்கத்தைச் சட்டமாக்கியது. மடத்தலைவர் தேநீருக்கு அழைத்தால் அறிவிப்பு வைக்க வேண்டும். யார் எங்கே அமர்வது என்பது முன்கூட்டியே முடிவாகும். முரசு ஒலித்ததும் கூட வேண்டும், தூபம் ஏற்ற வேண்டும். கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்த வேண்டும். சூடு ஆற ஊதக் கூடாது. உறிஞ்சும் ஓசை எழக் கூடாது. கிண்ணத்தைத் தட்டி வைக்கக் கூடாது. அமர்வில் மூச்சைக் கவனிப்பவர், அதே கவனத்தைக் கையிலிருக்கும் கிண்ணத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் உட்கிடை. தூக்கம் போக்க வந்த பானம் இந்த இடத்தில் பயிற்சியாகவே மாறுகிறது.

ஜப்பானில் பெற்ற வடிவம்

சீனாவுக்கு இருமுறை சென்று 1191-இல் திரும்பிய எய்சாய் (1141–1215) ரின்சாய் ஜென்னோடு தேயிலை விதையையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. 1211-இல் தேநீரின் மருத்துவப் பயன் பற்றி நூல் எழுதினார். 1214-இல், மது மயக்கத்தால் தலைவலியோடு இருந்த ஷோகன் (படையாட்சித் தலைவர்) சனேதோமோவுக்குத் தேநீரையும் அந்நூலையும் அனுப்பினார். எய்சாய் 1202-இல் நிறுவிய கியோட்டோவின் கென்னின்ஜி மடத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 20 அன்று பழைய மடாலய முறையிலேயே தேநீர் வழங்குகிறார்கள். விருந்தினர் தேயிலைப் பொடி இட்ட கிண்ணத்தை ஏந்தியிருக்க, இளந்துறவி நின்றபடியே வெந்நீர் ஊற்றி மூங்கில் மத்தால் கலக்குவார். பேச்சு இல்லை.

இந்த மடாலய மரபிலிருந்தே, ஜென் ஆசான் இக்யூவிடம் பயின்றதாகச் சொல்லப்படும் முராட்டா ஜுகோ (1423–1502), பின்னர் சென் நோ ரிக்யூ (1522–1591) ஆகியோர் வழியாகச் சிறு குடிலில் நிகழும் தேநீர்ச் சடங்கு உருப்பெற்றது. உலகம் அதைப் பெரிதும் அறியும். ஜென் மடங்களுக்குள்ளோ எளிய வடிவமே தொடர்கிறது: நாளின் குறித்த வேளைகளில் எல்லோரும் வரிசையாக அமர்ந்து மௌனமாகத் தேநீர் குடித்துவிட்டு மீண்டும் தியானத்துக்குத் திரும்புகிறார்கள்.

காப்பியின் இணைவழி

தேநீருக்கு நேர்ந்ததே வேறொரு சமயத்தில் காப்பிக்கும் நேர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு யேமனில் சூஃபிகள் இரவு திக்ருக்கு (இறைநாமம் ஓதும் கூட்டு வழிபாட்டுக்கு) விழித்திருக்கக் காப்பி குடித்தார்கள். சுமார் 1558-இல் காப்பி பற்றி எழுதிய அப்துல் காதிர் அல்-ஜஸீரி, 1470-இல் இறந்த ஏடன் அறிஞர் தப்ஹானியோடு இப்பழக்கத்தை இணைக்கிறார். கெய்ரோவிலிருந்த யேமன் சூஃபிகள் வாரத்தில் இரு இரவுகள் கூடுவார்கள். பெரிய சிவப்பு மண்பானையிலிருந்து தலைவர் சிறு அகப்பையால் மொண்டு தர, கிண்ணம் வலப்புறமாகக் கைமாறும். ஓதுதல் இடையறாது நடக்கும். லிங்யான் மடத்துக்கும் கெய்ரோவுக்கும் தொடர்பில்லை. கூட்டு வழிபாடு, நீண்ட இரவு, உறக்கத்தோடு போர் என்ற ஒரே நிலைமை இருவேறிடங்களில் ஒரே தீர்வைத் தந்திருக்கிறது. காஃபீன் மூளையில் அடினோசின் ஏற்பிகளைத் தடுத்து உறக்கச் செய்தியை மறிக்கிறது என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கியது. அனுபவம் அதை நூற்றாண்டுகள் முன்பே கண்டுகொண்டது.

காப்பியோடு தொடர்புபடுத்தப்படும் மோக்கா நகர ஞானி அலீ இப்னு உமர், ஷாதுலிய்யா தரீக்காவை (சூஃபி நெறியை) சேர்ந்தவர். அந்தத் தரீக்காவின் கிளை பிற்காலத்தில் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வேரூன்றியது. தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த வரலாறு அயலாருடையது அல்ல.

பினாங்கும் செபராங் பிறையும்

இனி நம் களத்துக்கு வருவோம். 1834-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ, செபராங் பிறையின் வடபகுதியில் ஸ்தூபி உருவம் செதுக்கிய கல்வெட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் பயணம் வெற்றி பெற வேண்டும் என்ற வேண்டுதல் அதில் உள்ளது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாசேக் கெலுகோர் அமைந்த இவ்வட்டாரம், போதிதர்மர் காலத்தை ஒட்டியே பௌத்தக் கடல்வழியில் இருந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடார (இன்றைய கெடா) மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். தமிழ்க் கரைக்கும் இக்கரைக்கும் இடையே பௌத்தம் நடமாடியதற்கு இவை கல்லிலும் செப்பேட்டிலும் உள்ள சான்றுகள்.

சான் மரபு பினாங்கில் பெருமடமாக நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். ஃபூஜியான் மாநிலம் குஷான் மலையின் யோங்சுவான் மடத்திலிருந்து வந்த பியாவ் லீன், ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி ஆலயத்தை எழுப்பினார். 1904-இல் பேரரசர் குவாங்சு அதற்குத் திருநூல் தொகுதிகளை அளித்தார். யோங்சுவான், ஜப்பானின் சோத்தோ ஜென்னுக்கும் மூலமான சாவோதோங் மரபைப் போற்றிய மடம். ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்கு அருகே சூஃபி மரபைச் சேர்ந்த நாகூர் தர்கா அதற்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. தேநீரோடு வளர்ந்த சமயமரபும் காப்பியோடு வளர்ந்த சமயமரபும் ஒரே தீவில் அண்டை வீட்டாராயின.

எதிர்க்கரையில் நிலைமை வேறு. செபராங் பிறையில் முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழர் அழைத்துவரப்பட்டார்கள். பால்மரத்துக்கு விடியுமுன் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். இருட்டிலேயே எழுந்து பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்குமுன் வெறும் வயிற்றில் குடித்தது தேத்தண்ணியோ கோப்பியோதான். துறவி தானே தேர்ந்த விழிப்புக்காகக் குடித்தார். தொழிலாளி தன்மீது சுமத்தப்பட்ட விழிப்புக்காகக் குடித்தார். இந்த வேறுபாட்டை மறைத்து எழுதப்படும் தேநீர் வரலாறு நேர்மையானது ஆகாது.

தேயிலையைப் பறித்ததும் பெரும்பாலும் தமிழ்க் கைகளே. இலங்கையில் 1869-இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தொடங்கிய தேயிலைப் பயிர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. உழைத்தவர் மலையகத் தமிழர். 1929-இல் நிறுவப்பட்ட மலேசியாவின் கேமரன் மலை போ தேயிலைத் தோட்டத்திலும் தமிழர் உழைத்தார்கள். அந்தத் தேயிலைத் தூளைக் கெட்டிப் பாலோடு கலந்து, குவளைக்குக் குவளை உயர்த்தி ஆற்றும் தே தாரிக்கைப் பரப்பியதில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களின் பங்கு பெரிது. காசு கொடுத்து எல்லாரும் குடித்த ஃபெங் யான் காலத்துக் கடையின் சமூகப் பணியை, இன்று தாசேக் கெலுகோர் போன்ற சிற்றூர்களின் சாப்பாட்டுக் கடைகள் செய்கின்றன.

தமிழ்நாட்டில் ஜென்

ஜென் பயிற்சி தமிழ் மண்ணில் நிலையான இடம் பெற்றது அண்மையில்தான். 1936-இல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி அருள் மரியா ஆரோக்கியசாமி, ஜப்பானின் காமகுராவில் ஜென் ஆசான் யமாதா கோவுனிடம் பயின்று 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றார். ஆமா சாமி என்ற பெயரில் அறியப்பட்ட அவர், 1996-இல் கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில் போதி ஜென்டோவை நிறுவினார். பண்ணைக்காடு, தாண்டிக்குடி எனக் காப்பி விளையும் கீழ்ப்பழனி மலைத்தொடரில் தமிழரின் ஜென் மண்டபம் அமைந்தது இவ்வரலாற்றுக்கு ஒரு நிறைவான தொடர்ச்சி. அங்கே அமர்பவர்களில் தமிழரும் ஐரோப்பியரும் உண்டு, கிறிஸ்தவரும் பிறரும் உண்டு. ஒரு சமயத்தின் எல்லைக்குள் பிறந்த பயிற்சி, அந்த எல்லையைத் தாண்டியும் தன் ஒழுங்கைக் காத்துக்கொள்ளும் என்பதற்கு இம்மண்டபம் உதாரணம்.

முடிவுரை

தேநீர் தியானத்தோடு சேர்ந்தது மூன்று படிகளில். முதலில் விநய விதி விட்டுவைத்த இடைவெளியில் தூக்கம் போக்கும் துணையாக நுழைந்தது. பிறகு மடாலய ஒழுங்கு நூல்களில் கவனத்தின் பயிற்சியாயிற்று. கடைசியில் மடத்துக்கு வெளியே கலையாகவும் கடையாகவும் கிளைத்தது. காப்பி இதே பாதையில் சூஃபிகளோடு தனியாக நடந்தது. ஆகவே தியானத்தோடு தேநீரோ காப்பியோ அருந்துகிறவர், அதைப் பயிற்சிக்குப் புறம்பான சலுகையாக எண்ணத் தேவையில்லை. குடிக்கும் முறையில் கவனம் இருந்தால் அது மரபுக்கு உட்பட்டதே.

தமிழ் ஆய்வுலகம் செய்ய வேண்டியவை இரண்டு. ஃபெங் யானின் குறிப்பும் 1103-ஆம் ஆண்டு ஒழுங்கு நூலும் சீன மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வர வேண்டும். அப்போதுதான் போதிதர்மரைப் பற்றிய பேச்சு ஆதாரத்தில் நிற்கும். செபராங் பிறைத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களின் வாய்மொழி வரலாறு, அவர்கள் உண்டது குடித்தது உட்பட, தாமதமின்றிப் பதிவாக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் சேர்ந்துவிட்ட நிலையில் அந்த நினைவுகள் வேகமாக மறைகின்றன. இமைக்கதையைப் பெருமையோடு சொல்லும் நாம், இலை பறித்தவர்களையும் இருட்டில் எழுந்து பால்மரம் வெட்டியவர்களையும் அதே பெருமையோடு எழுதும்போதுதான் தேநீரின் வரலாற்றில் தமிழர் பங்கு முழுமையாகத் தெரியவரும்.